கோணல் யானை

அந்தப் பையைத் தொடாதேம்மா, நானே எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறேன். நீ குழந்தையோடு ஜன்னல் பக்கம் வந்துவிடு. காற்று கொடுமுடி தாண்டித்தான் வரும், அதுவரை இந்தப் புழுக்கம்தான். உட்கார். கழுத்தைப் பிடி, கழுத்தை. அப்படி இல்லை, உள்ளங்கையால் தாங்கு. ஆ, அப்படி. உனக்கு யாரும் சொல்லித் தரவில்லையா?

எங்கே வாங்கியது என்றா கேட்டாய்? கடையில் கிடைக்காதம்மா இது. தைத்தது. நான் தைத்தது. யார் பார்த்தாலும் முதலில் ஆன்லைனா என்றுதான் கேட்கிறார்கள். கோபிசெட்டிபாளையத்தில் நேற்று ஒரு வீடு நிறையப் பெண்கள் கேட்டார்கள்.

இந்தப் பக்கம் பார், எலாஸ்டிக் வைத்த பாக்கெட். பால் பாட்டில் நிற்கும், சாயாது. அந்தப் பக்கம் வெந்நீர் பிளாஸ்க்குக்கு. நடுவில் ஜிப் போட்ட அறை, டயப்பருக்கு மட்டும். அழுக்கானதைப் போட ரப்பர் ஷீட் வைத்த தனி உறை. இது விரிப்பு. ரயில் சீட்டில் விரித்துப் பிள்ளையைப் படுக்கவைத்து மாற்றலாம். விரித்துக் காட்டட்டுமா? வேண்டாம், மடிப்புக் கலைந்துவிடும். வெளித்துணி கடுகு மஞ்சள் கைத்தறி, லைனிங் இளம்பச்சை பாப்ளின், இடையில் மெல்லிய ஸ்பாஞ்ச். மூன்றையும் சேர்த்து டைமண்ட் டைமண்டாக ஓட்டியிருக்கிறேன். எந்த டைமண்டை வேண்டுமானாலும் ஸ்கேல் வைத்து அளந்துகொள். இதே துணியில் தொப்பி, தோளில் போடும் துண்டு, கழுத்தில் கட்டும் பிப், எல்லாம் ஒரே செட்.

நீ பிள்ளைத் துணியை ஜவுளிக்கடைக் கட்டைப்பையில் கொண்டுவந்திருக்கிறாய். பரவாயில்லை. எல்லாருக்கும் தைக்கத் தெரியுமா என்ன?

யாருக்கா? என் பேத்திக்கு. பேத்திக்குத் தைத்த பை என்னிடம் ஏன் இருக்கிறது என்று கேட்கிறாய். முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. நீ எங்கே இறங்க வேண்டும்? குளித்தலையா? அப்படியானால் சொல்ல நேரம் இருக்கிறது. தனியாகவா வந்தாய்? அண்ணன் ஈரோட்டில் ஏற்றிவிட்டானா? அங்கே மாமியார் வந்து நிற்பார்களா? நல்லது. மூன்றாம் மாதம் புகுந்த வீட்டுக்குப் பிள்ளையோடு போகிறாய். அதுதான் முறை. முறை தெரிந்த குடும்பம்.

என் மருமகள் பெயர் கிருத்திகா. பையன் நிரஞ்சன். இரண்டு பேருக்கும் பெங்களூரில் வேலை. ஒரு நாள் பையன் போன் செய்து, 'அம்மா, ஒரு நல்ல சேதி' என்றான். புரிந்துவிட்டது. நான் உடனே என்ன கேட்டேன் தெரியுமா? 'எந்த டாக்டர், எங்க படிச்சவங்க?' வேறு என்ன கேட்பது? முக்கியமானதைத்தானே முதலில் கேட்க வேண்டும்? அவன் அந்தப் பக்கம் பேசவே இல்லை. லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து வைத்துவிட்டேன். அப்புறம் அவனும் கூப்பிடவில்லை. அங்கே டவர் சரியில்லை போல.

தலைப்பிரசவம் பெண் வீட்டில்தான். நான் ஒன்றும் முறையை மாற்றச் சொல்லவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன், ஒரே பையனைப் பெற்றவள் என்ன செய்வாள்? பெண்ணைப் பெற்றவளுக்குப் பத்தியச் சாப்பாடு, குளிப்பாட்டல், சாம்பிராணி, தொட்டில், தாலாட்டு, எல்லாம் உண்டு. பையனைப் பெற்றவளுக்கு வாட்ஸப்பில் ஒரு போட்டோ. வளைகாப்பைப் போட்டு வண்டி ஏற்றிவிட்டால் நம் பங்கு முடிந்தது. பிறகு மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ பிள்ளையை நம் வீட்டுக்கு அழைத்து வருகிற நாள்தான் நம் நாள். அதற்காகத்தான் மாடி அறைக்கு வெள்ளையடித்தேன். தொட்டில் கட்ட சீலிங்கில் கொக்கி போட்டேன். எங்கள் வீட்டுக்காரர், 'இப்பவே எதுக்கு?' என்றார். அவர் எல்லாவற்றுக்கும் அதைத்தான் கேட்பார். அந்தக் கொக்கியில் ஒரு மூட்டை அரிசியைத் தொங்கவிட்டுச் சோதித்துப் பார்த்துவிட்டேன். அசையவில்லை.

ஆக, அந்த நாள் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார எனக்குத் தெரியாது. தைக்க உட்கார்ந்தேன்.

அதற்கும் வந்தது பார் ஒரு தடை. சம்பந்தியம்மாள், சாந்தாமணி என்று பெயர், போன் செய்தார்கள். அவர்கள் பேச்சே ஒரு மாதிரி இழுக்கும். 'ஏனுங்க சம்பந்தி, பை தைக்கறீங்களாமா? பொறக்கறதுக்கு முன்னால புதுசா ஒண்ணும் செய்யக் கூடாதுங்களே. எங்கள்ல பழைய சேலையைக் கிழிச்சுத்தான் மொதல்ல சுத்துவோமுங்க.' நான் விடுவேனா? 'நான் தைக்கிறது பை. குழந்தை பைக்குள்ளயா படுக்கப்போகுது?' என்றேன். அதற்கு அவர்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, போனைக் காதிலிருந்து எடுத்துத் தூரமாகப் பிடித்துக்கொண்டேன். எதற்கெடுத்தாலும் சிரிப்பார்கள். நல்ல மனுஷிதான். ஆனால் நாலு பேர் இருக்கிற இடத்தில் அப்படிச் சிரிக்கக் கூடாது என்று யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். எங்களுக்குக் கான்வென்ட்டில் முதல் பாடமே அதுதான்.

கொடுமுடி வந்துவிட்டதா? அந்தத் துண்டை எடுத்துப் பிள்ளை முகத்தில் வெயில் படாமல் போடு.

வளைகாப்புக்கு முன்னால் கிருத்திகா எங்கள் வீட்டில் வந்து இருந்தாள். ஒரு வாரத்துக்கு மேல் இருக்கும். அப்போது மிஷினில் இந்தப் பைதான் இருந்தது. துணியும் ஸ்பாஞ்சும் ரப்பர் ஷீட்டும் சேர்ந்த தடிமனில் ஊசி ஒடிந்து ஒடிந்து போகிறது, எனக்கு ஒரே எரிச்சல். இவள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, 'அத்தை, எனக்கும் ஏதாவது குடுங்க. நானும் தைக்கிறேன்' என்றாள்.

'ஊசி புடிச்சிருக்கியா?'

'பட்டன் தைச்சிருக்கேன் அத்தை.'

'பட்டனா! சரி, ரொம்பப் பெரிய படிப்புதான்.'

பாப்ளினில் மிச்சம் இருந்தது. பிப்புக்கு அளவு சொன்னேன், அவளே வெட்டினாள். வெட்டிய பிறகு ஒரு பக்கத் தோள் பெரிசு, ஒரு பக்கம் சின்னது. நான் ஒன்றும் சொல்லவில்லை. 'கத்தரிக்கோலை அப்படிப் புடிச்சா தோசைதான் வெட்டலாம்' என்று மட்டும் சொன்னேன். பிறகு அதில் ஒரு யானை தைக்கப் போகிறேன் என்றாள். ஏன் யானை? 'உள்ள இருக்கிறது யானை மாதிரி உதைக்குது அத்தை.' பென்சிலால் அவளே வரைந்தாள். நான் கார்பன் பேப்பர் வைத்து ஒரு நல்ல யானையை எடுத்துத் தருகிறேன் என்றேன், வேண்டாம் என்றுவிட்டாள். பிடிவாதம். நாக்கை லேசாக வெளியே நீட்டிக்கொண்டு, சாம்பல் நிற நூலில் ஒவ்வொரு தையலாகப் போட்டாள். ஒன்று நெல்மணி அளவு, அடுத்தது கொத்தவரங்காய் அளவு. ஒரு கால் குட்டை. தும்பிக்கை மேலே போய், என்னவோ நினைத்துக்கொண்டு வலது பக்கம் திரும்பி, அப்புறம் மறுபடி மேலே.

நடுவில் ஒரு தடவை, 'அத்தை, இங்க பாருங்க, இப்ப, இப்ப' என்று என் கையைப் பிடித்து இழுத்துத் தன் வயிற்றில் வைக்கப் போனாள். என் கையில் ஊசி இருந்ததம்மா. பட்டுவிட்டால்? கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டேன். ஊசியைப் பின்குஷனில் குத்தி, நூலைச் சுற்றி வைத்துவிட்டு, 'ம், இப்ப காட்டு' என்றேன். 'நின்னுடுச்சு அத்தை' என்றாள். குழந்தை தூங்கிவிட்டதாம். அவ்வளவுதான். அப்புறம் அவள் கூப்பிடவில்லை. நானும் ஊசியைக் கீழே வைத்துக்கொண்டேதான் இருந்தேன், வாகாக இருக்கட்டும் என்று.

ஆனால் யானையை முடித்துவிட்டாள். முடித்து, நெஞ்சோடு வைத்துக்கொண்டு, 'நான் தைச்ச மொத பொருள் அத்தை, என் லைஃப்லயே' என்றாள்.

'தெரியுது' என்றேன்.

விழுந்து விழுந்து சிரித்தாள். நிரஞ்சனுக்குப் படம் எடுத்து அனுப்பினாள். 'பையில மேலயே வைங்க அத்தை, குழந்தைக்கு மொதல்ல இதைத்தான் கட்டுவேன்' என்றாள். அந்தப் பெண்ணுக்கு நகைச்சுவை உணர்வு உண்டு. அப்போதெல்லாம் இருந்தது.

வளைகாப்பு முடிந்தது, வேன் வைத்து வந்தார்கள், அழைத்துக்கொண்டு போனார்கள். வீடு சட்டென்று காலியாகிவிட்டது. எனக்கு அது நிம்மதிதான். எத்தனை பேருக்குக் காபி போடுவது? மறுநாள் மத்தியானம் இவர் கேரம் ஆடக் கிளப்புக்குப் போய்விட்டார். நான் பையில் எல்லாவற்றையும் அடுக்கிப் பார்த்தேன். தொப்பி, துண்டு, விரிப்பு, எல்லாம் கண்ணாடி மாதிரி. மேலே இந்த யானை. எனக்கு மனசு கேட்கவில்லை. நாளைக்கு நாலு பேர் பார்த்தால் என்ன நினைப்பார்கள்? சுகுணா கை தளர்ந்துவிட்டது என்று நினைக்க மாட்டார்களா? இல்லை, மருமகளுக்கு ஒன்றும் தெரியாது என்று அவளைத்தான் சொல்வார்கள். அவள் மானத்தைக் காப்பாற்ற வேண்டியது யார்? நான்தானே?

பிரித்தேன். அவ்வளவு நூலையும் பிரித்து எடுத்து, தோளைச் சரியாக வெட்டி, கார்பன் வைத்து வரைந்து, புதிதாக ஒரு யானை தைத்தேன். இதோ, இதுதான். தும்பிக்கையைப் பார். ஒரு தையலுக்கும் அடுத்த தையலுக்கும் வித்தியாசம் கண்டுபிடி, பார்ப்போம்.

எனக்கு இந்தக் கை வந்தது சிஸ்டர் லியோனியால். கான்வென்ட்டில் தையல் வகுப்பு அவர்களுடையது. ஒன்பதாவது படிக்கும்போது எக்ஸிபிஷனுக்கு நான் ஒரு குழந்தை கவுன் தைத்தேன். கழுத்தைச் சுற்றிச் சுருக்கு, கீழே ரோஜாப்பூ. சிஸ்டரிடம் கொடுத்தேன். வீட்டுக்குப் போ என்று கையை மட்டும் காட்டினார்கள். மறுநாள் எக்ஸிபிஷனில் போய்ப் பார்க்கிறேன், என் கவுன் மேஜையின் நடுவில், என் பெயர் எழுதிய அட்டையோடு. சுருக்கெல்லாம் பிரித்து மறுபடி வைத்து, ரோஜாவைப் பிரித்து மறுபடி தைத்து, அடடா, பார்க்கக் கண் கோடி வேண்டும். முதல் பரிசு! என் பெயருக்குத்தான்! மேடையில் ஏறி ஒரு வெள்ளிக் கிண்ணம் வாங்கினேன். எங்கள் அம்மா கவுனைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, 'இதுல நீ தைச்சது எதுடி?' என்றாள். 'எல்லாமேதான்' என்றேன். துணி நான் வெட்டியதுதானே? அந்தக் கிண்ணம் இப்போது எங்கே என்று தெரியவில்லை. கல்யாணத்துக்கு அப்புறம் நான் அதைத் தேடவே இல்லை, என்னமோ.

ஆனால் சிஸ்டர் அன்றைக்கு எனக்குச் செய்ததைத்தான் நான் இவளுக்குச் செய்தேன். அதைவிடப் பெரிய அன்பு என்ன இருக்கிறது, சொல்.

கரூரா? டீ வேண்டுமா? வேண்டாமா? பால் கொடுக்கிறவள் டீ குடிக்காமல் இருப்பதும் நல்லதுதான். நான் குடிக்கிறேன். தம்பி, சர்க்கரை கம்மியா! இதைக் கம்மி என்கிறான் பார்.

குழந்தை பிறந்ததும் போட்டோ வந்தது. போன் பிறகு வந்தது, போட்டோதான் முதலில். பெண் குழந்தை. இவர் அந்தப் போட்டோவைப் பார்த்து அழுதார். நான், 'காதை ஏன் மூடி வைக்கல, காத்து போகும்' என்று பதில் அனுப்பினேன். சம்பந்தியம்மாள் உடனே கும்பிடுகிற கை படம் ஒன்று போட்டார்கள். நேற்று சம்பந்தி வீட்டில் பெயர் வைக்கிற விசேஷம். பெயர் ஆதிரா. என்னை யாரும் கேட்கவில்லை. சொல்லத்தான் சொன்னார்கள். நல்ல பெயர்தான், கேட்டிருந்தாலும் நான் குறை சொல்லியிருக்க மாட்டேன், எழுத்தை மட்டும் ஒன்று கூட்டச் சொல்லியிருப்பேன்.

பெரிய வீடு அது. மஞ்சள் மண்டி வைத்திருக்கிறார்கள். உள்ளே நுழைந்ததுமே சம்பந்தியம்மாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறார்கள். 'வாங்க சம்பந்தி, வாங்க! கண்ணு, யாரு வந்திருக்காங்க பாரு, திருச்சி பாட்டி!' குழந்தைக் கழுத்தில் ஒரு பிப். பழைய நூல் சேலையைக் கிழித்துச் செய்தது. அதில் என்னவோ ஒரு ஜந்து. வாத்தா கோழியா என்று சத்தியமாகச் சொல்ல முடியாது. 'பாத்தீங்களா, என்ற பொண்ணு தைச்சது! படுத்த படுக்கையில இருந்துக்கிட்டே தைச்சாளுங்க. கோணலும் மாணலுமா எப்படி இருக்குது பாருங்க!' என்று வந்தவர்களிடமெல்லாம் காட்டுகிறார்கள். பெற்ற தாய்! மறைக்க வேண்டியதைப் போய் ஊருக்கெல்லாம் காட்டினால் அந்தப் பெண் எப்போது கற்றுக்கொள்ளும்?

நான் பையை எடுத்து வைத்தேன். அவ்வளவுதான், கூடத்தில் இருந்த அத்தனை பேரும் வந்துவிட்டார்கள். 'கடையில வாங்கினாப்பலயே இருக்குதுங்க!' கிருத்திகா முகமெல்லாம் மலர்ந்துபோய் ஜிப்பைத் திறந்தாள். தொப்பியை எடுத்து ஓரமாக வைத்தாள். துண்டை எடுத்து வைத்தாள். எதையும் சரியாகப் பார்க்கவில்லை. எதையோ தேடுகிறாள்.

'அத்தை, என் யானை எங்க?'

'இதோ, மேலயே இருந்துச்சே' என்று எடுத்துக் கொடுத்தேன்.

வாங்கிப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

'இது நான் தைச்சது இல்லையே அத்தை.'

'துணி நீ வெட்டினதுதான். யானையும் நீ நெனச்ச யானைதான். கொஞ்சம் சரி பண்ணினேன்.'

'என்னோடது எங்க?'

'என்னது?'

'நூலு.'

நூலைக் கேட்கிறாள்! பிரித்த நூலை யாராவது வைத்திருப்பார்களா? 'குப்பையில போட்டேன்மா' என்றேன். நல்ல பெண், எதிர்த்துப் பேசுகிற பழக்கமே கிடையாது. யானையை நாலாக மடித்து, பைக்குள் வைத்து, தொப்பி, துண்டு எல்லாவற்றையும் எடுத்த மாதிரியே அடுக்கி, ஜிப்பை மூடினாள். நான் அடுக்கியதை விட அழகாக அடுக்கினாள். இத்தனை நாளில் என்னிடம் ஒன்றாவது கற்றுக்கொண்டாளே என்று எனக்குச் சந்தோஷம்.

இன்று காலையில் நான் கிளம்பும்போது அவளே பையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். 'இவ்ளோ நல்ல பை அத்தை. இங்க வச்சா அழுக்காயிடும். உங்க வீட்லயே இருக்கட்டும்.' எவ்வளவு மரியாதை பார்! வேறு எந்த மருமகளாவது மாமியார் செய்ததை அழுக்காகக் கூடாது என்று நினைப்பாளா? நானும், 'ஆமா, நீங்க திருச்சிக்கு வரும்போது வேணும்ல. எப்ப வரீங்க? மூணாம் மாசமா, அஞ்சாம் மாசமா? நான் வந்து அழைச்சுக்கவா?' என்றேன்.

'பாக்கலாம் அத்தை. வெயில் குறையட்டும்.'

நிரஞ்சன் அவளைப் பார்த்தான், அப்புறம் செருப்பைப் பார்த்தான். 'நேரா பெங்களூருதான் போகலாம்னு இருக்கோம்மா' என்றான். வெயில்! வெயிலுக்குப் பயந்தால் திருச்சியில் யாராவது பிள்ளை வளர்க்க முடியுமா? மாடி அறைக்கு ஏசி போட்டுவிடுகிறேன் என்றேன். 'பாக்கலாம்மா' என்றான். இரண்டு பேரும் ஒரே வார்த்தைதான் பேசுகிறார்கள். ஒற்றுமையான தம்பதி.

இவர் வரவில்லையா என்றா கேட்கிறாய்? இவர் அங்கேயே இருக்கிறார். இரண்டு நாள் இருந்துவிட்டு வருகிறாராம். குழந்தையை மார்பில் போட்டுக்கொண்டு ஈசிச்சேரில் படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை. சம்பந்தியம்மாள், 'அண்ணா இருந்துட்டுப் போகட்டுமுங்க' என்றார்கள். என்னையும் இருக்கச் சொன்னார்கள். சொன்னார்கள் என்றுதான் நினைக்கிறேன், சத்தத்தில் காதில் சரியாக விழவில்லை. எனக்கு எப்படி முடியும்? பாலை நிறுத்தச் சொல்லவில்லை. துளசிக்கு யார் தண்ணீர் ஊற்றுவது? வீடு என்று ஒன்று இருக்கிறதல்லவா?

ஐயோ, கக்கிவிட்டான் பார், கக்கிவிட்டான்! தலையைச் சாய்த்துப் பிடி, மூக்கில் ஏறிவிடும். துண்டு எங்கே? அந்தக் கட்டைப்பையில் எதைத் தேடி எதை எடுக்கப்போகிறாய்! இரு. இந்தா. பரவாயில்லை, எடுத்துக்கொள், துடை. மேலே கைக்குக் கிடைத்தது இதுதான். யானையா? யானை இருந்தால் இருக்கட்டும், பால்தானே, துவைத்தால் போகும். பிப் என்பதே அதற்குத்தானே. முதலில் இதைக் கட்டியது யார் என்று பார், பெயர் தெரியாத ஒரு குளித்தலைக்காரன். சிரிக்கிறான் பார், போக்கிரி. என்னிடம் கொடு கொஞ்சம். நீ முகத்தைக் கழுவிக்கொண்டு வா. பயப்படாதே, கையில் ஊசி இல்லை.

கனக்கிறான். நல்ல கனம்.

வந்துவிட்டாயா? இரு, இருக்கட்டும் என்னிடம், தூங்கப் பார்க்கிறான். நீ அந்தப் பிப்பை ஜன்னல் கம்பியில் காயப் போடு. பறந்துவிடும், கையிலேயே விரித்துப் பிடி.

என்ன பார்க்கிறாய்? புள்ளியா? எங்கே, என் கண்ணாடி எங்கே... காட்டு.

அதுவா. அது பழைய தையலின் ஓட்டை. கைத்தறி என்றால் துவைத்ததும் மூடிக்கொள்ளும், இது நெருக்கமாக நெய்த பாப்ளின். அவளானால் கொத்துமல்லி கட்டுகிற மாதிரி இறுக்கி இறுக்கி இழுத்திருந்தாள். நான் தண்ணீர் தெளித்து, நகத்தால் நீவி, இஸ்திரியும் போட்டேன். கீழே வைத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. வெளிச்சத்தில் பிடித்தால்தான்.

தெரிகிறது இல்லையா? முழுசாகத் தெரிகிறது. இதோ அந்தக் குட்டைக் கால். இது தும்பிக்கை. மேலே போகிறது, இங்கே திரும்புகிறது, மறுபடி மேலே. என் யானைக்குப் பின்னால் அது பாட்டுக்கு நிற்கிறது.

நேற்று அவள் ஜன்னலுக்குக் கொண்டுபோனது இதைப் பார்க்கத்தானா? அவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டே நின்றாளே.

சரி, விடு. இதற்குப் போய் இவ்வளவு யோசிப்பானேன்? அவளுக்குக் கோணல் யானைதான் வேண்டுமென்றால் கோணல் யானையே தருகிறேன். எனக்கு என்ன கஷ்டம்? ஓட்டை அப்படியே இருக்கிறது. என் தையலைப் பிரித்துவிட்டு, அவள் ஓட்டையிலேயே ஊசியை விட்டு விட்டு எடுத்தால் வேலை முடிந்தது. நெல்மணி இருந்த இடத்தில் நெல்மணி, கொத்தவரங்காய் இருந்த இடத்தில் கொத்தவரங்காய். தைத்தது அவளா நானா என்று அவளுக்கே தெரியாது. சிஸ்டர் லியோனி வந்து பார்த்தாலும் தெரியாது. கொரியரில் அனுப்பிவிடுகிறேன். பார்த்ததும், 'அத்தை, என் யானை!' என்பாள். அப்புறம் ஏன் வர மாட்டாள்? வெயில் என்ன பெரிய வெயில்.

இவனை வாங்கிக்கொள். மெதுவாக, கழுத்து. என் பர்ஸில் எப்போதும் ஊசியும் குட்டிக் கத்தரியும் இருக்கும். சாம்பல் நூலும் இருக்கிறது பார். தும்பிக்கையைப் பிரிக்க ஒரு நிமிடம் ஆகாது, என் தையல் சீராக இருப்பதால் ஒரே இழுப்பில் வந்துவிடும். பார்த்தாயா? நூலைக் கோத்துக் கொடு, இந்த ஆட்டத்தில் எனக்குக் கண் நிற்காது. ஒரு கையாலேயே கோத்துவிட்டாயே, கெட்டிக்காரி.

ஜன்னலோடு சேர்த்துப் பிடித்தால்தான் ஓட்டை தெரிகிறது. இதோ ஒன்று. இது இரண்டாவது. இங்கே தள்ளிப் போக வேண்டும். சே, கை தானாக நேரே போகிறது. கோணலாகத் தைப்பது இவ்வளவு கஷ்டமா? அவள் எப்படித்தான் தைத்தாளோ.

ஸ்பீடு குறைகிறது. குளித்தலைதான் வருகிறது. எழுந்திருக்காதே, நிற்கட்டும். செருப்பைப் போட்டுக்கொள். கட்டைப்பையை நான் கதவுவரை கொண்டுவருகிறேன். அங்கே பார், யார் அது, ரயில் நிற்பதற்குள் கூடவே ஓடி வருவது? உன் மாமியாரா? என்ன இது, முந்தானை எங்கேயோ போகிறது, ஒரு கால் செருப்பு பின்னால் கிடக்கிறது, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடுகிறார்கள்! வெட்கமாக இல்லையா? ஏங்க, ஏங்க, ஓடாதீங்க, விழுந்துடப் போறீங்க! வண்டி இங்கேதான் நிக்கும்!

நானா? இல்லை, எனக்கு யாரும் ஸ்டேஷனுக்கு வர மாட்டார்கள். ஆட்டோ இருக்கிறதே.

மெதுவாக. கால் வை. இந்தா கட்டைப்பை. கழுத்தைப் பிடிக்கச் சொல் அவர்களிடம்! காதில் விழுகிறதா? கழுத்தை!

எங்கே கேட்கப்போகிறார்கள். பிள்ளையைப் பார்த்ததும் காது அடைத்துவிடும் போல.

வா, யானை. எங்கே விட்டேன்? மேலே போய், இங்கே திரும்பி... அட. இதைப் பாரேன், மறுபடியும் நேராகப் போய்விட்டது.